கடைசியில் எழுதும் பட்டியல்

என்னைக் கேலி செய்வதற்கு நீங்கள் இருவரும் நிறைய காரணங்கள் வைத்திருக்கிறீர்கள். கல்யாண வீடுகளில் நான் இன்னும் எஃப்.எல்.வி. என்கிற பழைய வகை ஃபைலில்தான் வீடியோவைப் பதிவு செய்கிறேன் என்பது அதில் ஒன்று. "அப்பா, அதெல்லாம் மியூசியத்துல வெக்கிற ஃபைல்பா" என்பாள் பெரியவள். "அப்பாவுக்கும் அதுக்கும் ஒரே வயசு" என்பான் சின்னவன். நான் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். பதில் இருக்கிறது. ஆனால் அது கொஞ்சம் நீளம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். எலெக்ட்ரானிக் சிட்டியில் பல வருஷம் கம்பெனி கேப் ஓட்டினேன். ஆட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்ததும் வண்டி நின்றது. கண்டோன்மென்ட் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் வேலைக்குக் கூப்பிட்டார். கல்யாணம், காதுகுத்து, சர்ச் பூசை, சாவு என்று எதுவானாலும் நெட்டில் நேரலையாகக் காட்டும் வேலை. கேமராவிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்குப் போகும். லேப்டாப் அதை ஒரு பக்கம் நெட்டுக்கு அனுப்பும், இன்னொரு பக்கம் தனக்குள்ளேயே பதிவும் செய்யும்.

ஓனர் எனக்குப் பாடம் எடுத்தது மொத்தம் பத்து நிமிஷம். "இத அமுக்குபா. செவப்பாச்சுன்னா போய்க்கினு இருக்குன்னு அர்த்தம். மத்தது எதையும் தொடாத." அவ்வளவுதான். மாதக்கணக்கில் அந்தச் சிவப்புப் புள்ளியை நம்பியே பிழைத்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. வண்டி ஓட்டியபோது என்ஜினை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துவைத்திருந்தவன், இங்கே மட்டும் பயந்துபோய்ச் சும்மா இருந்தேன்.

அப்போதும் லேப்டாப்பில் எஃப்.எல்.வி. என்றுதான் ஓனர் வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் பென்டிரைவை டி.வி.யில் சொருகிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே வரலையே" என்று போன் செய்வார்கள். அதையெல்லாம் ஓனர்தான் பிறகு எம்.பி.4 ஆக மாற்றிக் கொடுப்பார். ஒருநாள் அவர் ஊரில் இல்லை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஃபைல் பெயரின் வாலில் எஃப்.எல்.வி. என்றிருந்ததை அழித்துவிட்டு எம்.பி.4 என்று எழுதினேன். லேப்டாப்பில் அழகாக ஓடியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. டி.வி.யில் ஓடவில்லை. ஓனர் திரும்பி வந்து கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நம்பர் பிளேட்ட மாத்துனா ஆட்டோ காராயிடுமாபா? நீ டிரைவர்தானே!"

நாலு பேர் முன்னால் சொன்னார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று மாலையே லேப்டாப்பின் செட்டிங்கை நோண்டினேன். பதிவு செய்யும்போதே எம்.பி.4 ஆகப் பதிவு செய்ய ஒரு இடம் இருந்தது. அதை மாற்றினேன். அடுத்த மூன்று விசேஷங்களின் பென்டிரைவும் டி.வி.யில் நேராக ஓடியது. யாரும் போன் செய்யவில்லை. ஓனரிடம் நான் சொல்லவில்லை. அவரே ஒருநாள் கண்டுபிடித்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்ய வந்தாள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். போட்டோவைப் பற்றி, ஆல்பத்தைப் பற்றி எதுவும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"லைவ் கண்டிப்பா வேணும்ணா."

"வெளியூர்ல யாராச்சும் பாக்கணுமாம்மா?"

"எங்க அம்மா பாக்கணும்."

"அம்மா எங்க இருக்காங்க?"

"மண்டபத்துலதான்."

அவள் மேசைமேல் இருந்த ஆல்பத்தைப் புரட்டியபடியே சொன்னாள். அப்பா அவள் ஏழாவது படிக்கும்போது போய்ச்சேர்ந்துவிட்டார். அம்மா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் சமையல் செய்து இவளைப் படிக்கவைத்தவர். தாலி கட்டும் நேரத்தில் மேடைப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தாகிவிட்டது. "அப்ப போன்லயாச்சும் பாருன்னு சொன்னேன். அதுக்கு மட்டும் சரின்னாங்க."

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமல் மண்டபத்துக்குப் போய்விட்டேன். கேமராவை நிறுத்தி, வயரை மாட்டி, சோதனைக்காக இரண்டு நிமிஷம் பதிவை ஓடவிட்டுவிட்டு, லைட்டுக்கு இன்னொரு பிளக் பாயின்ட் தேடி மேடைக்குப் பின்னால் போனேன். திரும்பி வந்து ஸ்டாப் அமுக்கி, ஃபைல் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. காலி மேடைதானே.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெண்ணின் அம்மாவைத் தேடிப் போனேன். சமையற்கட்டை ஒட்டி இலைக்கட்டும் அரிசி மூட்டையும் போட்டுவைத்த அறையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதுப் புடவை. கையில் போன். அதில் நேரலையைத் திறந்து கொடுத்தேன்.

"இங்க வந்து உக்காந்துட்டீங்களேம்மா. கீழ முன்வரிசையிலயாவது உக்காரலாமே."

"யாரும் ஒண்ணும் சொல்லல தம்பி. சொல்லவும் மாட்டாங்க. நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, அன்னிக்கு அவ அம்மா எதுர்ல நின்னான்னு ஒரு பேச்சு வரும். எதுக்கு அது?"

போனில் தெரிந்த மேடையைக் காட்டி, "இதுல கொஞ்சம் லேட்டாத்தான் வரும்மா. அங்க நடந்து அரை நிமிஷம் கழிச்சு இங்க தெரியும்" என்றேன்.

"அரை நிமிஷம்தானே" என்று சிரித்தார். "இருவத்தாறு வருஷமா காத்துக்கினு இருக்கேன். அரை நிமிஷம் பெருசா?"

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். மூன்றாவது முடிச்சு விழுந்து, எல்லோரும் அட்சதை போட்டு, பெண் தலையை நிமிர்த்தினாள். அப்போது கரென்ட் போய்விட்டது. ஸ்டுடியோ லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுநாளாயிற்று. கரென்ட் போன அந்த நொடியே அதுவும் அணைந்துவிட்டது. மண்டபத்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்க ஒரு நிமிஷம் ஆனது.

நான் அந்த அறைக்கு ஓடினேன். அவர் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திரையில் மாப்பிள்ளை தட்டிலிருந்து தாலியை எடுத்துத் தூக்கிய கை அப்படியே நின்றிருந்தது. நடுவில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று நெட் மெதுவாகத்தான் போனது. மேலே ஏற வேண்டிய கடைசிக் காட்சிகள் லேப்டாப்பிலேயே வரிசையில் நின்று, அதோடு சேர்ந்து அணைந்துவிட்டன.

"கட்டிட்டாரா தம்பி?"

"கட்டிட்டார்மா."

"மேளம் கேட்டுச்சு. செவுத்துக்கு அந்தப் பக்கம் மேளம், இதுல இன்னும் தட்டு சுத்திக்கினு இருந்துச்சு. வரும் வரும்னு பாத்தேன்." போனைத் திருப்பி வைத்தார். "இது பதிவாயிருக்கும் இல்ல?"

"இருக்கும்மா. சுத்தமா இருக்கும். மத்தியானம் நானே காட்டுறேன்."

அந்த வாக்கைக் கொடுத்தது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

கேமராவுக்குள் கார்டு போடவில்லை, லேப்டாப்பிலேதான் பதிவாகிறதே என்ற தைரியம். மத்தியானம் லேப்டாப்பை எழுப்பிப் பார்த்தேன். ஃபைல் இருந்தது. அதன் கனத்தைப் பார்த்தால் காலையிலிருந்து நடந்த அத்தனையும் உள்ளே இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. ஆனால் திறக்கவில்லை. எந்தப் பிளேயரில் போட்டாலும், இது வீடியோவே இல்லை என்றது. சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததைக் கேட்டுப் பார்த்தேன். தாலி கட்டும் நேரத்தில் எல்லாவற்றிலும் நீட்டிய கைகளும் முதுகுகளும்தான் இருந்தன. போட்டோ இருந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு நான் போட்டோ தருவதாகச் சொல்லவில்லை.

ஓனருக்குப் போன் செய்தேன்.

"எதுல ரெக்கார்ட் பண்ண?"

"எம்.பி.4-லண்ணா."

"யாருபா உன்ன அத்தத் தொடச் சொன்னது?"

"அது பழசுன்னு நெனச்சேன்."

"பழசுதான்பா. சாவாத பழசு. அதுக்குத்தானே வெச்சிருந்தேன்!"

ஏன் சாகாது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. முன்பு ஒரு கல்யாணத்தில் அடிபட்டு, யாரோ சொல்லி மாற்றிக்கொண்டதாம். இரண்டு கடைகளில் காட்டினோம். ஃபைல் கெட்டுப்போச்சு என்றார்கள். நான் அந்த அம்மாவிடம் "கொஞ்சம் வேலை இருக்கும்மா, ரெண்டு நாள்ல தர்றேன்" என்று பொய் சொன்னேன். பெண் தினமும் போன் செய்தாள். மறுவீடு, விருந்து எல்லாவற்றுக்கும் நடுவிலும் செய்தாள். "எனக்கு அவசரமில்லண்ணா. அம்மா கேக்க மாட்டாங்க. ஆனா அவங்க இன்னும் பாக்கல இல்ல?" என்றாள்.

உங்களுக்கு மாடி வீட்டு அக்காவைத் தெரியும். ஆனேக்கல் பக்கத்துப் பெண், வீடியோ சம்பந்தமான ஒரு கம்பெனியில் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் சார்ஜர் கடன் கேட்பதுபோல அவளிடம் எதையும் கேட்கும் தைரியம் எனக்கு அதுவரை இருந்ததில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கையில் இருந்த பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று முழுக்கக் கேட்டாள்.

"கரென்ட் போனப்ப நீங்க ஸ்டாப் அமுக்கினீங்களாண்ணா?"

"இல்லம்மா. அதுவே அணஞ்சுடுச்சு."

"ஆய்து" என்று கன்னடத்தில் 'சரி' போட்டாள். "அதான் விஷயம்."

அவள் சொன்னது முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவையும் புரியவில்லை. மூன்றாவது தடவை, "இருமா, என் பாஷையில சொல்லிப் பாக்குறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

வீடியோ என்பது உள்ளே ஒரே நீளத் துணி இல்லை. படத்துண்டு, சத்தத்துண்டு என்று ஆயிரக்கணக்கான துண்டுகள். அவற்றைக் கம்பெனி கேப்பில் ஏறும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.எல்.வி. வண்டியில் ஒவ்வொருவர் கழுத்திலும் அட்டை தொங்கும். நான் படம், நான் சத்தம், நான் இவ்வளவு பெரியவன், இந்த நேரத்தில் ஏறினேன் என்று அதில் எழுதியிருக்கும். வண்டி பாதியில் நின்றுபோனாலும், அதுவரை ஏறியவர்கள் இறங்கித் தங்கள் அட்டையைக் காட்டி உள்ளே போய்விடலாம். எம்.பி.4 வண்டியில் யார் கழுத்திலும் அட்டை இல்லை. எல்லோர் பெயரும் நேரமும் டிரைவரின் டிரிப் ஷீட்டில்தான் இருக்கும். அதை அவர் எழுதுவது பயணம் முடிந்த பிறகு, ஸ்டாப் அமுக்கும்போது. எழுதுவதற்கு முன் டிரைவர் மயங்கி விழுந்தால், ஆட்கள் அத்தனை பேரும் வண்டிக்குள்தான் இருப்பார்கள். ஆனால் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி ஷீட் இல்லாமல் ஒருவரையும் விடமாட்டார்.

"கரெக்ட்ணா!" என்று அவள் கையைத் தட்டினாள். "எங்க ஆஃபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு இனிமே இதத்தான் சொல்லப்போறேன்."

அவள் இன்னொன்றும் சொன்னாள். ஒரு காலத்தில் நெட்டில் வீடியோ பார்ப்பதென்றால் பெரும்பாலும் எஃப்.எல்.வி.தானாம். இப்போது பார்ப்பதற்கு யாரும் அதைத் தருவதில்லை. ஆனால் நம் லேப்டாப்பிலிருந்து நேரலை மேலே ஏறிப் போகும்போது, துண்டுகள் இன்றைக்கும் அந்தக் கழுத்து அட்டையோடுதான் போகின்றன. நேரலை எப்போது முடியும், எங்கே அறுந்துபோகும் என்று யாருக்கும் தெரியாது. முடிவில் எழுதிக்கொள்ளலாம் என்று அங்கே எதையும் தள்ளிப்போட முடியாது. நான் பெயரின் வாலை மாற்றியது ஏன் பலிக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. வண்டிமேல் வேறு பெயர் எழுதினேனே தவிர, உள்ளே டிரிப் ஷீட் எழுதவில்லை.

"அப்ப இதுக்கு வழி இல்லையாம்மா?"

"இருக்கு. அதே லேப்டாப்ல, அதே செட்டிங்ல, ஒழுங்கா ஸ்டாப் பண்ணின ஃபைல் ஒண்ணு வேணும். பழைய ஷீட்டப் பாத்தா யார் எங்க ஏறுவாங்கன்னு யூகம் பண்ணலாம் இல்ல? அந்த மாதிரி. அதுக்கு ஒரு புரோக்ராம் இருக்கு."

பழைய விசேஷங்களை எல்லாம் இடமில்லை என்று அழித்துவிட்டிருந்தேன். மிச்சமிருந்தது அன்று காலையில் எடுத்த சோதனை ஃபைல் மட்டும்தான். அதை லேப்டாப்பில் திறந்தாள். முதல் தடவையாக நானும் பார்த்தேன்.

காலி மேடை. கீழே வாழைமரம் கட்டுகிற ஆட்களின் பேச்சுச் சத்தம். பக்கவாட்டிலிருந்து ஒரு பெண் ஏறி வருகிறார். அந்த அம்மாதான், பழைய புடவையில். சுற்றும் முற்றும் பார்க்கிறார். மணைமேல் விரித்த துணியின் சுருக்கத்தை நீவுகிறார். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, கொஞ்சம் அட்சதையை எடுத்து, பெண் உட்காரப்போகும் காலி மணையின்மேல் மூன்று தடவை போடுகிறார். பிறகு குனிந்து, ஒரு அரிசி விடாமல் பொறுக்கி மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போகிறார்.

மாடி வீட்டுப் பெண் அதை இன்னொரு தடவை முதலிலிருந்து ஓடவிட்டாள். "இது போதும்ணா. நல்ல ஃபைல்" என்றாள்.

புரோக்ராம் ஓடி முடிய மத்தியானம் ஆனது. கல்யாணம் திரும்பி வந்தது. அங்கங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்தது, சத்தம் படத்தைவிட ஒரு இமைப்பொழுது முந்தி வந்தது. மற்றபடி மூன்று முடிச்சும் இருந்தன.

மறுநாள் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறினேன். பி.ஜி. பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போயிருந்த நேரம். சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய டி.வி. இருந்தது. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பென்டிரைவைச் சொருகுவதற்கு முன்னால் உண்மையைச் சொன்னேன். கெட்டது என் தப்பால்தான் என்றும், இரண்டு நாள் என்றது பொய் என்றும். "சரி, போடு தம்பி" என்றார்.

மாப்பிள்ளையின் கை தட்டிலிருந்து தாலியைத் தூக்கியது. இந்தத் தடவை அது நிற்கவில்லை. மேளம் முந்திக்கொண்டது. கை பின்னாலேயே போய்க் கட்டியது.

"அன்னிக்கும் இப்படித்தான்" என்றார். "மேளம் முந்திக்கிச்சு." பெண் தலையை நிமிர்த்தும் இடத்தில், "அந்தப் பக்கம் என்னாத்தப் பாக்குறா அவ?" என்று கேட்டார். நான் பார்த்தேன். பெண் பார்த்தது சமையற்கட்டுப் பக்கம். அவருக்கே அது தெரிந்ததும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

மூன்று தடவை போடச் சொன்னார். பிறகு கேட்டார்: "கெட்டுப்போனத எப்படிப்பா எடுத்தீங்க?"

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் வந்தேன். பென்டிரைவிலும் சோதனை ஃபைலைப் போடவில்லை. அது அவர் யாரும் பார்க்காமல் செய்தது. ஆனால் இன்னொரு பொய்யை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போனில் இருந்ததைக் காட்டினேன். காலி மேடையில் தன்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அய்யோ, இதையுமா புடிச்சிட்ட? என் பொண்ணு பாத்தாளா?"

"இல்லம்மா. நானும் ஒரு பொண்ணும்தான் பாத்தோம். வேணாம்னா இப்பவே அழிச்சிடுறேன்."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். வந்ததும் நின்றுகொண்டே சொன்னார்.

"அழிக்காத. இதத்தான் மொதல்ல நான் பண்ணேன். அப்புறந்தான் அது நடந்துச்சு. அதுக்கு முன்னாடி இத வெச்சு அவளுக்குக் குடு. வரிசையா."

அப்படியே செய்தேன். அந்தப் பெண்ணின் கல்யாண வீடியோ இரண்டு நிமிஷம் காலி மேடையோடு தொடங்குகிறது. அனுப்பிய அன்று மாலை அவள் போன் செய்தாள். ஹலோ என்றாள். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. "நான் அம்மாவுக்கே பேசிக்கிறேண்ணா" என்று வைத்துவிட்டாள்.

அதனால்தான் எஃப்.எல்.வி. பதிவு செய்யும்போது அது. ஸ்டாப் அமுக்கி, எல்லாம் பத்திரம் என்று தெரிந்த பிறகு, உள்ளே இருக்கும் படத்தைத் தொடாமல் எம்.பி.4 ஆக மாற்றிக் கொடுப்பேன். அது இரண்டு நிமிஷ வேலை. அதற்கான பொத்தான் எங்கே என்று இப்போது எனக்குத் தெரியும். சோதனை ஃபைலை மட்டும் அழிப்பதில்லை. அழிப்பதற்கு முன் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று வைத்திருக்கிறேன். நிறைய சேர்ந்துவிட்டது.